சொந்தத் தொழில் செய்யும் துணையிடமிருந்து விவாகரத்து: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மாதச் சம்பளம் வாங்குகிறவரிடமிருந்து விவாகரத்துக் கோருபவருக்குச் சம்பளச் சீட்டே பாதி விடையைத் தந்துவிடும். தொழில் நடத்துகிறவருக்கு அப்படியொரு சீட்டு கிடையாது. தம் வருமானம் எவ்வளவு என்று எழுதுகிறவரும் அவரே, அந்தக் கணக்குப் புத்தகத்தைப் பூட்டி வைத்திருப்பவரும் அவரே. அண்மையில் வந்த கடிதங்களில் பல இதைச் சுற்றியே இருந்ததால், இந்த இதழின் பகுதியை முழுவதுமாக அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன்: நான் கணக்குத் தணிக்கையாளர், வழக்கறிஞர் அல்ல. சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஒரே நாட்டிலும் எந்தச் சட்டத்தின்கீழ் திருமணம் பதிவானது என்பதைப் பொறுத்து மாறும். ஆகவே கீழே உள்ளவற்றில் சட்டம் பற்றி வரும் இடங்களை உங்கள் வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகே செயலில் இறங்குங்கள்.

கேள்வி: என் கணவர் வீடுகளுக்கு உள் அலங்கார மரவேலை செய்து தரும் தொழிலைப் பதினான்கு ஆண்டுகளாக நடத்துகிறார். நான் விவாகரத்து மனு போட்டதும், வருமான வரிப் படிவங்களைக் காட்டித் தமக்கு வருமானமே மிகக் குறைவு என்கிறார். ஆனால் வீட்டுக் கடன் தவணை, இரண்டு பிள்ளைகளின் கல்விக் கட்டணம், கார், ஆண்டுக்கொரு சுற்றுலா எல்லாம் இதுவரை தடையில்லாமல் நடந்தே வந்தன. நான் வேலைக்குப் போகவில்லை. அவருடைய உண்மையான வருமானத்தை எப்படி நிரூபிப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை உங்கள் கடிதமே சொல்லிவிட்டது. அவருடைய தொழிற்கணக்கு உங்கள் கையில் இல்லை; ஆனால் வீடு எப்படி நடந்தது என்பது உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. வருமானத்தைத் தேடுவதற்கு முன்னால் செலவை எழுதுங்கள். கடந்த பன்னிரண்டு மாதங்களை எடுத்துக்கொண்டு, கூட்டு வங்கிக் கணக்கின் அறிக்கை, பள்ளி ரசீதுகள், காப்பீட்டுத் தவணை ரசீதுகள், கிரெடிட் கார்டு அறிக்கைகள் ஆகியவற்றை மாதவாரியாக அடுக்கி, ஒவ்வொரு செலவுக்கும் பணம் எந்தக் கணக்கிலிருந்து போனது, ரொக்கமாகப் போனதா என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அவர் வரிப் படிவத்தில் காட்டிய ஆண்டு வருமானம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டில் வீட்டுக் கடனுக்கு 62, கல்விக்கு 34, குடும்பச் செலவுக்கு 55, காருக்கும் காப்பீட்டுக்கும் 18, சுற்றுலாவுக்கு 11 போயிருக்கிறது, ஆக 180. சேமிப்புக் கணக்கும் வைப்புத்தொகையும் அந்த ஆண்டில் 20 கூடியிருக்கின்றன. மொத்தம் 200. புதிதாக வாங்கிய கடன் 25 என்றால், காட்டிய வருமானமும் கடனும் சேர்ந்து 125 தான். மீதி 75 எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டிய பொறுப்பு இப்போது உங்கள் தோளிலிருந்து அவர் தோளுக்கு மாறுகிறது. நீதிமன்றத்தில் "அவர் நிறையச் சம்பாதிக்கிறார்" என்று சொல்வதற்கும், இந்த ஒரு பக்கத் தாளை நீட்டுவதற்கும் நிறைய வேறுபாடு உண்டு.

இந்த முறை புதிதல்ல. வரி அதிகாரிகள் நெடுங்காலமாகக் கையாளும் வழிதான் இது. 1931-இல் அமெரிக்காவில் அல் கபோன் வரி ஏய்ப்புக்காகத் தண்டிக்கப்பட்டபோது, அவருடைய ஆடம்பரச் செலவுகளும் ஒரு சூதாட்ட விடுதியின் பேரேடுகளுமே அரசுத் தரப்புக்குக் கைகொடுத்தன. சொத்து வளர்ச்சியையும் செலவையும் வைத்து வருமானத்தைக் கணிக்கும் முறையை, சில எச்சரிக்கைகளுடன், அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 1954-இல் ஏற்றுக்கொண்டது. உங்கள் கணவரைக் குற்றவாளியோடு ஒப்பிடுவதாக எண்ண வேண்டாம். கணக்கு அதே கணக்கு என்பதற்காகவே சொன்னேன்.

அந்த 75-ம் மறைத்த பணம் என்று உடனே முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அதில் ஒரு பகுதி, சட்டப்படியே வரியில் கழித்துக்கொள்ள முடிந்த, ஆனால் கையை விட்டுப் போகாத பணமாக இருக்கலாம். தேய்மானம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஐந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மரம் அறுக்கும் இயந்திரத்துக்கு இந்த ஆண்டும் தேய்மானம் எழுதுவார்கள். லாபம் குறையும், ஆனால் பணம் வெளியே போயிருக்காது. அதே இயந்திரத்தை அடுத்த ஆண்டு மாற்றியே ஆக வேண்டுமென்றால், அந்தத் தேய்மானம் உண்மையான செலவுக்கு நெருக்கமானது என்று எதிர்த்தரப்பு வாதிடும். அந்த வாதத்தில் நியாயமும் இருக்கும். இன்னொரு பகுதி, குடும்பச் செலவைத் தொழிலின் செலவாக எழுதியது: கார் எரிபொருள், வீட்டுத் தொலைபேசி, "வாடிக்கையாளர் சந்திப்பு" என்ற பெயரில் குடும்பமாகச் சாப்பிட்ட உணவகக் கட்டணம் போன்றவை. இவற்றை மீண்டும் வருமானத்தோடு கூட்டிக் காட்டச் சொல்லலாம். மூன்றாவது பகுதிதான் பில் போடாமல் கையில் வாங்கிய ரொக்கம்.

ரொக்கத்தைப் பிடிக்க விற்பனைப் பக்கம் போனால் எதுவும் கிடைக்காது. கொள்முதல் பக்கம் போக வேண்டும். மரவேலைக்காரர் வாடிக்கையாளரிடம் ரசீது இல்லாமல் பணம் வாங்கலாம், ஆனால் பிளைவுட், கீல், பசை எல்லாம் பெரும்பாலும் பில்லோடுதான் வரும், ஏனென்றால் அந்தக் கொள்முதலைச் செலவாகக் காட்டினால்தான் அவருடைய வரி குறையும். ஓர் அலமாரிக்குச் சராசரியாக இத்தனை பலகை என்று தொழில் தெரிந்த யாரும் சொல்லிவிடுவார்கள். நாற்பது அலமாரிக்குப் பலகை வாங்கியவர் இருபத்திரண்டு அலமாரிக்கு மட்டும் பில் போட்டிருந்தால், மீதிப் பலகை கிடங்கில் இருக்க வேண்டும். கிடங்கில் இல்லையென்றால் அது யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் நிற்கிறது.

ஒருமுறை என் மேசைக்கு வந்த ஒரு பட்டறையின் பில் புத்தகம் இன்னும் நினைவில் இருக்கிறது. கார்பன் நகல்கள் வரிசையாக இருந்தன, கையெழுத்தும் சீராக இருந்தது. ஆனால் 112-க்கு அடுத்து 119 வந்தது. கிழித்த தாள்களின் பற்கள் தையலோரத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. இடையிலிருந்த ஆறு பில்களும் எங்கே போயின என்று நான் கேட்கவே தேவைப்படவில்லை. புத்தகத்தைப் பார்த்ததும் எதிர்த்தரப்பு வழக்கறிஞரே சமரசப் பேச்சுக்கு நாள் கேட்டார்.

உறவினர் பெயரில் வரும் கடன்களைத் தனியாகக் கவனியுங்கள். பிரிவு நெருங்கும் காலத்தில் திடீரென்று அண்ணனுக்கோ நண்பருக்கோ பெருந்தொகை பாக்கி இருப்பதாக ஒரு பத்திரம் முளைக்கும். பணம் எந்த நாளில், எந்தக் கணக்கு வழியாக வந்தது, வட்டி எப்போதாவது கட்டப்பட்டதா என்ற மூன்று கேள்விகளுக்கு விடை இல்லாத கடனை நீதிமன்றங்கள் எளிதில் நம்புவதில்லை. மூன்றாண்டுகளுக்கு முந்தைய தேதியிட்ட ஒரு கடன் கடிதத்தின் தலைப்பில், நிறுவனம் சென்ற ஆண்டுதான் குடிபோன புதிய முகவரி அச்சிடப்பட்டிருந்ததையும் பார்த்திருக்கிறேன். வேலைக்கே வராத உறவினருக்குச் சம்பளம், விற்பனையாளருக்குத் தேவையில்லாத முன்பணம், முடித்த வேலைக்கு விவாகரத்து முடிந்த பிறகு பில் போடலாம் என்று நிறுத்தி வைப்பது, வரியைத் தேவைக்கு மேல் முன்கூட்டியே கட்டிவிட்டுப் பின்னர் திரும்பப் பெறுவது ஆகியவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்த வேலைகள்தாம். எனவே மனு போட்ட நாளோடு கணக்கை நிறுத்திவிடாமல், அதற்குப் பிந்தைய மாதங்களின் அறிக்கைகளையும் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டிய ஆவணங்களில் எனக்கு மிகவும் பிடித்தது கடன் விண்ணப்பம். வரி அலுவலகத்திடம் ஏழையாக இருக்கிறவர் வங்கியிடம் செல்வந்தராக இருப்பார். வீட்டுக் கடனுக்கும், காருக்கும், இயந்திரத்துக்கும் அவர் கொடுத்த விண்ணப்பங்களில் தம் ஆண்டு வருமானம் இவ்வளவு என்று தம் கையெழுத்தோடு எழுதியிருப்பார். கடன் தொகை பெரிதாக வேண்டும் என்பதால் அங்கே யாரும் குறைத்து எழுதுவதில்லை. வீட்டுக் கடனில் நீங்களும் கூட்டு விண்ணப்பதாரர் என்றால், அந்த விண்ணப்பத்தின் நகலைக் கேட்க உங்களுக்கே வழி இருக்கலாம். அதோடு, குறைந்தது மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கான வரிப் படிவங்கள், தொழிலின் எல்லா வங்கிக் கணக்கு அறிக்கைகள், விற்பனை வரிக் கணக்குகள், கூட்டாளி ஒப்பந்தம், வரவேண்டிய பாக்கிப் பட்டியல் ஆகியவற்றை உங்கள் வழக்கறிஞர் மூலம் நீதிமன்ற வழியில் கோருங்கள்.

இவ்வளவையும் ஆராய ஒரு கணக்காய்வு நிபுணரை அமர்த்தலாம். ஆனால் அவருடைய கட்டணம், கண்டுபிடிக்கக்கூடிய தொகையைத் தின்றுவிடக் கூடாது. ஒரே ஆள், ஒரு பட்டறை, இரண்டு வங்கிக் கணக்கு என்ற அளவிலான தொழிலுக்கு, மேலே சொன்ன ஒரு பக்கக் கணக்கும் கடன் விண்ணப்பமும் பெரும்பாலும் போதும். நிறுவனங்களுக்குள் நிறுவனங்கள் என்று பின்னியிருந்தால் மட்டும் நிபுணருக்குச் செலவு செய்யுங்கள்.

கேள்வி: கணவரின் தொழிலில் என்னைப் பெயருக்கு ஒரு பங்குதாரராகச் சேர்த்திருக்கிறார். வங்கிக் கடனுக்கும் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எதில் எதில் கையெழுத்திட்டேன் என்பதுகூட முழுவதும் நினைவில்லை. தொழில்கடன் எல்லாம் தம் பொறுப்பு என்று விவாகரத்து ஒப்பந்தத்தில் எழுதித் தருவதாகச் சொல்கிறார். அது போதுமா?
– இரண்டு பிள்ளைகளின் தாய்

பதில்: போதாது. இந்த இதழுக்கு வந்த கடிதங்களிலேயே என்னை மிகவும் கவலைப்படுத்தியது உங்களுடையதுதான். முதல் கேள்வி கேட்டவர் வரவேண்டிய பணத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார். நீங்கள் கவலைப்பட வேண்டியது போகவிருக்கும் பணத்தைப் பற்றி. கணவர் மறைத்ததைத் தேடுவதில் ஆண்டுகளைச் செலவிட்டு, தம் கையெழுத்து இருந்த கடனைக் கவனிக்காமல் விட்டு, விவாகரத்துக்குப் பின் வங்கி நோட்டீஸ் வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

விவாகரத்து ஒப்பந்தம் உங்கள் இருவருக்கும் இடையிலானது. வங்கி அதில் தரப்பினர் அல்ல. அவர் கட்டத் தவறினால் வங்கி ஜாமீன்தாரரான உங்களைத் தாராளமாகத் தேடி வரும்; நீங்கள் கட்டிவிட்டு, அந்த ஒப்பந்தத்தைக் காட்டி அவரிடம் வசூல் செய்துகொள்ள வேண்டியதுதான். அவரிடம் அப்போது பணம் இருக்குமா என்பது வேறு கதை. எனவே "என் பொறுப்பு" என்ற வாசகத்தைவிட, வங்கி உங்களை ஜாமீனிலிருந்து விடுவித்துக் கொடுக்கும் கடிதமே உங்களுக்குத் தேவை. வங்கி சும்மா விடாது. மாற்று ஜாமீனோ, மாற்றுச் சொத்து அடமானமோ, கடனின் ஒரு பகுதியை அடைப்பதோ கேட்கும். அந்த ஏற்பாட்டை விவாகரத்து இறுதியாவதற்கு முன்பே முடிக்க வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். அதற்குப் பிறகு அவருக்கு அவசரம் எதுவும் இருக்காது.

ஓவர்டிராஃப்ட் போன்ற சுழல் கடன்களில் இன்னொரு ஆபத்து உண்டு. இன்று பாக்கி குறைவாக இருக்கலாம்; நாளை அவர் எல்லை வரை எடுத்துவிடலாம், அதற்கும் உங்கள் ஜாமீன் நீளும். இத்தகைய தொடர் ஜாமீனை, இனி வரும் பரிவர்த்தனைகளைப் பொறுத்தவரை, கடன் கொடுத்தவருக்கு அறிவிப்புக் கொடுத்து நிறுத்திக்கொள்ளலாம் என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 130-ஆம் பிரிவில் சொல்கிறது. வேறு பல நாடுகளின் சட்டத்திலும் இதையொத்த வழி உண்டு. ஆனால் வங்கிகள் தங்கள் ஜாமீன் பத்திரத்தில் அந்த உரிமையைச் சுருக்கும் வாசகங்களைச் சேர்த்திருக்கக்கூடும் என்பதால், பத்திரத்தின் நகலை வாங்கி வழக்கறிஞரிடம் படிக்கக் கொடுத்த பிறகே அறிவிப்பை அனுப்புங்கள். அந்த அறிவிப்பு ஏற்கெனவே வாங்கிய கடனிலிருந்து உங்களை விடுவிக்காது.

எதில் எல்லாம் கையெழுத்திட்டீர்கள் என்று நினைவில்லை என்கிறீர்கள். உங்கள் பெயரிலான கடன் தகவல் அறிக்கையை உடனே எடுத்துப் பாருங்கள்; நீங்கள் மறந்த கடனும் ஜாமீனும் பெரும்பாலும் அதில் தெரியும். நிறுவனப் பதிவு அலுவலகத்தில் உங்கள் பெயர் இயக்குநர் என்றோ பங்குதாரர் என்றோ பதிவாகியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கூட்டாளித்துவ நிறுவனமாக இருந்தால், விலகிவிட்டேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவது விலகல் ஆகாது; விலகலை எழுத்தில் கொடுத்து, சட்டம் கேட்கும் பொது அறிவிப்பையும் வெளியிட்டால்தான் பிற்காலக் கடன்களுக்கு நீங்கள் பொறுப்பாளியாகாமல் தப்பலாம். தொகை எழுதாத காசோலைகளில் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தால், அவற்றின் எண்களைக் கண்டுபிடித்து வங்கியிடம் பேசுவது இன்றே செய்ய வேண்டிய வேலை.

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே வரிப் படிவம் தாக்கல் செய்யும் நாடுகளில், அவர் மறைத்த வருமானத்துக்கான வரியும் அபராதமும் உங்கள் தலையிலும் விழும். அமெரிக்காவில் அப்படிச் சிக்கியவர், தமக்குத் தெரியாமல் நடந்தது என்று காட்டி விடுதலை கேட்பதற்கென்றே படிவம் 8857 இருக்கிறது. அவர் ரொக்க வருமானத்தை மறைத்தார் என்று நீதிமன்றத்தில் சொல்வதற்கு முன், அந்த ஆண்டுகளின் படிவங்களில் உங்கள் கையெழுத்தும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தொழிலில் நீங்களும் பங்குதாரர் என்றால் இந்த எச்சரிக்கை உங்களுக்கு இருமடங்கு பொருந்தும்.

கேள்வி: என் மனைவி பல் மருத்துவர், சொந்த மருத்துவமனை வைத்திருக்கிறார். நான் வேலையை விட்டுவிட்டு ஒன்பது ஆண்டுகள் அங்கே கணக்கும் நிர்வாகமும் பார்த்தேன். சம்பளம் என்று எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது பிரிகிறோம். மருத்துவமனையில் நாற்காலியும் கருவிகளும் மட்டும்தான் சொத்து, அதன் மதிப்பு பழைய இரும்பு விலைதான் என்று அவருடைய ஆடிட்டர் சொல்கிறார். சரியா?
– ஒரு வாசகர்

பதில்: ஆடிட்டர் சொல்வது ஒரு மதிப்பீட்டு முறை. அது மட்டுமே முறையல்ல. ஒரு தொழிலை அதன் சொத்துகளைக் கூட்டி மதிப்பிடலாம். அது ஈட்டும் வருமானத்தை வைத்து மதிப்பிடலாம். அதுபோன்ற மருத்துவமனைகள் கைமாறிய விலையை வைத்தும் மதிப்பிடலாம். நாளைக்கு ஓர் இளம் மருத்துவர் அந்த இடத்தை வாங்க வந்தால், நாற்காலிக்கு மட்டுமா விலை பேசுவார்? பதிவேட்டில் உள்ள நோயாளிகள், ஆறு மாதத்துக்கொருமுறை தாமாகவே திரும்பி வருகிறவர்கள், நல்ல இடத்தில் நீண்ட கால வாடகை ஒப்பந்தம், பழகிய உதவியாளர்கள் ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் பேசுவார். கணக்குத் துறையில் இதை நற்பெயர் மதிப்பு என்கிறோம்.

இங்கேதான் வழக்கு சூடு பிடிக்கும். நோயாளிகள் வருவது அந்த மருத்துவமனைக்காகவா, அந்த மருத்துவரின் கைக்காகவா? மருத்துவமனைக்காக வருகிறார்கள் என்றால் அந்த நற்பெயர் விற்கக்கூடியது. பிரிக்கக்கூடிய சொத்தாகப் பல நீதிமன்றங்கள் அதைக் கருதும். அவருடைய கைராசிக்காக மட்டுமே வருகிறார்கள் என்றால், அது அவரோடு போய்விடும் என்பதால் சொத்தில் சேர்க்கத் தயங்குவார்கள். உங்கள் மனைவி இல்லாத வாரங்களில் வேறு மருத்துவர்கள் எத்தனை பேரைப் பார்த்தார்கள் என்ற பழைய நேரப் பதிவேடு உங்களிடம் இருந்தால், இந்த வாதத்தில் அதைவிடப் பயனுள்ள தாள் வேறில்லை. நிர்வாகம் பார்த்தவர் நீங்கள். அப்படிப்பட்ட பதிவேட்டைத் தயாரித்ததே நீங்களாக இருக்கலாம்.

நீங்கள் சம்பளம் எடுத்துக்கொள்ளாததால் மருத்துவமனையின் லாபம் ஒன்பது ஆண்டுகளாக அந்த அளவுக்குக் கூடுதலாகத் தெரிந்திருக்கும். எதிர்த்தரப்பு இதைக் காட்டி, இனி நிர்வாகிக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியிருப்பதால் தொழிலின் மதிப்பு குறைவு என்று சொல்லும். அது சரியான திருத்தம். ஆனால் அதே எண்ணிக்கைதான் தொழிலுக்கு நீங்கள் ஆண்டுதோறும் கொடுத்தது எவ்வளவு என்பதற்கும் சான்று. ஒரு பக்கம் ஏற்றுக்கொண்டு மறுபக்கத்தை மறுக்க அவர்களால் முடியாது.

மருத்துவமனையை அவரே வைத்துக்கொண்டு உங்கள் பங்கைத் தவணையாகத் தருவதாக முடிவானால், தவணைக்குப் பிணை கேளுங்கள். சொத்து அடமானமோ, உங்களைப் பயனாளியாகக் குறித்த ஆயுள் காப்பீடோ இல்லாத ஏழாண்டுத் தவணை என்பது நம்பிக்கை மட்டுமே. அதோடு, மருத்துவமனையின் வருமானத்தை வைத்து மதிப்பிட்ட சொத்தில் பங்கு வாங்கிக்கொண்டு, அதே வருமானத்திலிருந்து ஜீவனாம்சமும் கேட்டால், ஒரே பணத்தை இருமுறை கேட்கிறீர்கள் என்ற ஆட்சேபம் எழும். சில நீதிமன்றங்கள் அதை ஏற்கும், சில ஏற்காது. எதை எதில் கேட்பது என்று முன்கூட்டியே உங்கள் வழக்கறிஞருடன் அமர்ந்து திட்டமிடுங்கள்.

கேள்வி: கணவரின் மின்னஞ்சல் கடவுச்சொல் எனக்குத் தெரியும். அவர் தூங்கும்போது எல்லாவற்றையும் நகல் எடுத்துவிடலாமா?
– வாசகி

பதில்: வேண்டாம். 2010-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. மனைவியின் சகோதரர்கள் கணவருடைய அலுவலகக் கணினியிலிருந்து ஆவணங்களைக் குவியலாக நகலெடுத்திருந்தனர். அவற்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றே நீதிமன்றம் உத்தரவிட்டது. பல நாடுகளில் அனுமதியின்றி ஒருவருடைய கணினிக்குள் நுழைவது தனிக் குற்றமும் ஆகும். உங்கள் பெயரும் உள்ள கூட்டுக் கணக்கின் அறிக்கை, உங்களுக்கு வந்த கடிதம், நீங்களே கையெழுத்திட்ட பத்திரத்தின் நகல் ஆகியவை உங்களுடையவை. அவற்றை வீட்டுக்கு வெளியே பாதுகாப்பான இடத்தில் வையுங்கள். மற்றவற்றில், எந்த வங்கியின் கடிதம் வீட்டுக்கு வந்தது, எந்த நிறுவனப் பெயரைத் தொலைபேசியில் கேட்டீர்கள் என்று தேதியோடு ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தாலே போதும். எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் நீதிமன்றம் அதை வரவழைத்துக் கொடுக்கும்.

கேள்வி: தொழில் நஷ்டத்தில் இருக்கிறது, இன்னும் ஆறு மாதம் போனால் இதுவும் கிடைக்காது, ஒரு தொகையை வாங்கிக்கொண்டு சுமுகமாக முடித்துவிடலாம் என்கிறார் கணவர். அவருக்குப் பல நிறுவனங்களின் பெயரில் வீடுகள் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சண்டை இழுக்க எனக்கும் விருப்பமில்லை. கையெழுத்திடலாமா?
– வாசகி

பதில்: சுமுகமாக முடிப்பதில் தவறே இல்லை. சொத்துப் பட்டியலைப் பார்க்காமல் முடிப்பதில்தான் தவறு. அவர் தம் வருமானம், சொத்து, கடன் அனைத்தையும் பிரமாணப் பத்திரமாக எழுதிக் கொடுக்கட்டும், பிறகு கையெழுத்திடுங்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 2020 நவம்பர் 4 அன்று அளித்த தீர்ப்பில், ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பினரும் சொத்து, பொறுப்பு விவரப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும் என்று நாடு முழுவதற்கும் வழிகாட்டுதல் தந்தது. வேறு பல நாடுகளிலும் இத்தகைய வெளிப்படுத்தல் கட்டாயமே. உண்மையிலேயே நஷ்டத்தில் இருப்பவருக்கு அதை எழுதிக் கொடுப்பதில் நஷ்டம் எதுவுமில்லை.

எழுதிக் கொடுத்ததில் பொய் இருந்தால் பிறகு என்ன செய்வது என்ற ஐயம் வரும். 2015 அக்டோபரில் ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம் ஒரே நாளில் இரண்டு வழக்குகளில் மனைவியர் பக்கம் தீர்ப்பளித்தது. அவற்றில் ஒன்றில், கணவர் தம் மென்பொருள் நிறுவனத்தின் பங்குகளைச் சந்தையில் வெளியிடும் திட்டம் பற்றிய உண்மையை மறைத்திருந்தார். மோசடியால் பெற்ற ஒப்புதல் ஒப்புதல் ஆகாது என்று சொல்லி, முடிந்த வழக்கை நீதிமன்றம் மீண்டும் திறந்தது. கனடாவின் உச்ச நீதிமன்றமும் 2009-இல், பால் பண்ணை நடத்திய ஒரு தம்பதியின் வழக்கில், கணவர் நிதி விவரங்களை மறைத்துச் செய்துகொண்ட பிரிவு ஒப்பந்தத்தை ஏற்க மறுத்தது. வழி உண்டு என்பதற்காக இவற்றைச் சொல்கிறேனே தவிர, அந்தப் பெண்கள் அந்தத் தீர்ப்பை அடைய எத்தனை ஆண்டுகள், எத்தனை நீதிமன்றங்கள் ஏறி இறங்கினார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். எனவே ஒப்பந்தத்திலேயே, இந்தப் பட்டியலில் இல்லாத சொத்து பின்னர் தெரியவந்தால் அதில் இன்ன பங்கு உங்களுக்கு, வழக்குச் செலவும் அவருடையது என்று ஒரு வாசகம் சேர்க்கச் சொல்லுங்கள். அதைச் சேர்க்க அவர் எவ்வளவு தயங்குகிறார் என்பதே உங்களுக்கு ஒரு தகவல்.

நிறுவனங்களின் பெயரில் உள்ள வீடுகளைப் பொறுத்தவரை, நிறுவனத்தின் சொத்து உரிமையாளரின் சொத்து அல்ல என்பதே பொது விதி. ஆனால் 2013-இல் ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றம், கணவர் கட்டுப்பாட்டில் இருந்த நிறுவனங்களின் பெயரில் இருந்த ஏழு வீடுகளை, அவை அவருக்காகவே வைத்திருக்கப்பட்டவை என்று கண்டு, மனைவிக்கு மாற்றித்தர உத்தரவிட்டது. வீட்டை வாங்கிய பணம் யாருடையது, வாடகை எங்கே போனது, நிறுவனத்துக்கு வேறு தொழில் ஏதாவது உண்டா என்பவற்றைப் பொறுத்தே இது அமையும். கேள்விப்பட்டதோடு நிற்காமல் பத்திரப் பதிவு விவரங்களை எடுத்துப் பாருங்கள். விசாரணைக்குள் அவற்றை விற்றுவிடுவார் என்று அஞ்சினால், விற்கத் தடை கோரி மனு போடுவது முதல் வேலை, தொகை பேசுவது இரண்டாம் வேலை.

கேள்வி: கணவர் திருமணப் புகைப்படக்காரர். ஒரு மாதம் கொட்டும், மூன்று மாதம் வறளும். மாதாமாதம் எவ்வளவு கேட்பது?
– வாசகி

பதில்: ஒரு மாதத்தை வைத்துக் கேட்காதீர்கள், அவரும் ஒரு மாதத்தை வைத்து மறுக்க முடியாது. கனடாவின் குழந்தைப் பராமரிப்பு விதிகள், வருமானம் ஏறி இறங்கும்போது கடந்த மூன்றாண்டுப் போக்கைப் பார்க்க இடம் தருகின்றன. எந்த நாட்டிலும் நீங்கள் இந்தக் கோரிக்கையை முன்வைக்கலாம். மூன்றாண்டுச் சராசரியில் சற்றுக் குறைவாக ஒரு நிலையான மாதத் தொகையை வைத்துக்கொண்டு, ஒவ்வோர் ஆண்டும் வரிப் படிவம் தாக்கலான முப்பது நாளுக்குள் கூடுதல் வருமானத்தில் இவ்வளவு விழுக்காடு தருவது என்று எழுதிக்கொள்ளலாம். படிவத்தின் நகலோடு அவருடைய முன்பதிவு நாட்காட்டியையும் தர வேண்டும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். புகைப்படக்காரருக்குப் பில் புத்தகத்தைவிட அதுதான் உண்மையான கணக்கு. தொகையை அவர் கையிலிருந்து வாங்காமல் வங்கி வழியாகவே பெறுங்கள், பாக்கி விழுந்தால் காட்டுவதற்கு அறிக்கை இருக்கும்.